ஆப்ரிகாட் நெக்டர்: பெட்டிக்குள் பழம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு?

கேள்வி இது: ஆப்ரிகாட் நெக்டர் என்று பெட்டியிலும் பாட்டிலிலும் வரும் பானத்தில் என்னென்ன சேர்க்கிறார்கள்? ஜூஸ் என்று போடாமல் நெக்டர் என்று போடுவது ஏன்? பழத்தில் இருக்கும் சத்து அதிலும் இருக்கிறதா, அல்லது வாசனை போட்ட சர்க்கரைத் தண்ணீர்தானா?

பழச்சத்து பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. இனிப்பில் பெரும்பகுதி பழத்திலிருந்து வந்ததல்ல. இந்த இரண்டையும் லேபிளில் இருக்கும் இரண்டு எண்களை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்னால், இந்தப் பானத்தில் தண்ணீர் ஏன் சேர்கிறது என்பது புரிய வேண்டும். மற்ற சேர்மானங்கள் எல்லாம் அதிலிருந்துதான் ஒவ்வொன்றாக வருகின்றன.

ஆரஞ்சைப் பிழிந்தால் சாறு ஓடிவரும். ஆப்ரிகாட்டைப் பிழிந்தால் அப்படி ஓடாது. சதையில் பெக்டின் என்ற பசைப்பொருள் அதிகம், சாறு சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொட்டையை நீக்கி, வேகவைத்து, சல்லடையில் தேய்த்தால் கிடைப்பது கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் ஒரு கூழ். அமிலமும் தூக்கலாக இருக்கும். அதைக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ அதே அளவு, அல்லது இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பழுத்த ஆப்ரிகாட் கூழில் கரைந்திருக்கும் திடப்பொருள் ஏறத்தாழ 11 பிரிக்ஸ். அதாவது 100 கிராமில் 11 கிராம். பெரும்பாலும் சர்க்கரை, கூடவே அமிலமும், சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும். கூழைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் அது 5 பிரிக்ஸுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் குடித்தால் சப்பென்று, லேசாகப் புளித்த தண்ணீர்போல இருக்கும். அதனால் சர்க்கரை. சர்க்கரையும் தண்ணீரும் ஏறியபின் புளிப்பு மழுங்கிவிடுகிறது. அதனால் சிட்ரிக் அமிலம். வேகவைத்ததில் வைட்டமின் சி போய்விட்டது, நிறமும் பழுப்பேறும். அதனால் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. ஒரு சாதாரண ஆப்ரிகாட் நெக்டரின் சேர்மானப் பட்டியல் இத்துடன் முடிந்தது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பழச்சாறு, நெக்டர் இரண்டுக்கும் கோடெக்ஸ் 247-2005 என்ற பன்னாட்டு உணவுத் தரத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001/112 உத்தரவிலும் தனித்தனி வரையறை உண்டு. பழக்கூழ் அல்லது சாற்றில் தண்ணீர் சேர்த்து, சர்க்கரையோ தேனோ சேர்த்தோ சேர்க்காமலோ செய்வது நெக்டர். ஆப்ரிகாட்டுக்குக் குறைந்தபட்சப் பழப் பங்கு இரண்டிலும் 40 சதவீதம். ஐரோப்பிய விதியில் ஆப்பிள், பீச் நெக்டருக்கு 50 சதவீதம். மாம்பழம், கொய்யா, வாழைப்பழம் போன்ற கெட்டிச் சதைப் பழங்களுக்கு 25 சதவீதம்தான். சேர்க்கும் சர்க்கரைக்கு அந்த உத்தரவில் உச்ச வரம்பும் இருக்கிறது: முடிந்த பானத்தின் மொத்த எடையில் 20 சதவீதம். நடைமுறையில் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை, திகட்டிவிடும். ஆனால் நெக்டர் என்ற சொல் பெட்டியில் இல்லாமல் வெறும் ‘ஆப்ரிகாட் பானம்’ என்றிருந்தால் இந்த 40 சதவீத உத்தரவாதம் கிடையாது. பழம் 10, 15 சதவீதமாக இருக்கலாம். நிறமும் வாசனையும் சேர்க்கப்பட்டிருக்கலாம். பெயரை முதலில் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

இப்போது ஆலைக் கணக்கு. 100 கிலோ நெக்டர், பழப் பங்கு 45 சதவீதம், இலக்கு 14 பிரிக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 11 பிரிக்ஸ் கூழ் 45 கிலோ போட்டால் அதிலிருந்து 4.95 கிலோ கரைந்த திடப்பொருள் வரும். 14 கிலோ வேண்டும் என்பதால் மீதி 9 கிலோவுக்குச் சர்க்கரை. சிட்ரிக் அமிலம் 250 கிராம் அளவில், கூழின் புளிப்பைப் பொறுத்துக் கூடக் குறைய. அஸ்கார்பிக் அமிலம் 30 கிராம். மீதி 45.7 கிலோ தண்ணீர். இனிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பையிலிருந்து கொட்டிய சர்க்கரை என்பது இதில் தெரிகிறது.

இதையே அடர்கூழ் வைத்துச் செய்யும்போது பட்டியல் வேறு மாதிரி தெரியும். ஆப்ரிகாட் பருவம் சில வாரங்கள்தான். ஆலை ஆண்டு முழுக்க ஓட வேண்டும். ஆகவே கூழை வெற்றிடத்தில் சுண்டவைத்து 30–32 பிரிக்ஸ் ஆக்கி, கிருமிநீக்கிய பைகளில் சேமிக்கிறார்கள். 32 பிரிக்ஸ் அடர்கூழ் 15.5 கிலோவில் இருக்கும் பழம், 11 பிரிக்ஸ் கூழ் 45 கிலோவுக்குச் சமம். ஆகவே 15.5 கிலோ அடர்கூழையும் 75 கிலோவுக்கு மேல் தண்ணீரையும் கலந்துவிட்டு, பெட்டியில் ‘பழப் பங்கு 45%’ என்று போடலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சுண்டும்போது எடுத்த நீரைத்தான் திரும்ப ஊற்றுகிறார்கள். ‘அடர்கூழிலிருந்து’ என்று லேபிளில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நறுமணத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஏனென்றால் சுண்டும்போது முதலில் ஆவியாவது மணப்பொருள்கள்தான். நல்ல ஆலைகள் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, பிறகு பானத்தில் திரும்பச் சேர்க்கின்றன.

சத்து அட்டவணையிலிருந்தே பழப் பங்கை ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. அமெரிக்க வேளாண் துறையின் தரவுத்தளத்தில் டின்னில் அடைத்த ஆப்ரிகாட் நெக்டருக்கு, 100 கிராமுக்கு, இந்த எண்கள் இருக்கின்றன: 56 கலோரி, நீர் 85 கிராம், மாவுச்சத்து 14.4 கிராம், அதில் சர்க்கரை 13.8 கிராம், நார்ச்சத்து 0.6 கிராம், புரதம் 0.4 கிராம், கொழுப்பு 0.1 கிராம், பொட்டாசியம் 114 மி.கி., மெக்னீசியம் 5 மி.கி., பாஸ்பரஸ் 9 மி.கி., சோடியம் 3 மி.கி. அதே தரவுத்தளத்தில் பச்சை ஆப்ரிகாட் பழம் 100 கிராமுக்கு 48 கலோரி, சர்க்கரை 9.2 கிராம், நார்ச்சத்து 2 கிராம், புரதம் 1.4 கிராம், பொட்டாசியம் 259 மி.கி., மெக்னீசியம் 10 மி.கி., பாஸ்பரஸ் 23 மி.கி.

பொட்டாசியத்தை வகுத்துப் பாருங்கள்: 114-ஐ 259-ஆல் வகுத்தால் 44 சதவீதம். மெக்னீசியம் 50 சதவீதம். பாஸ்பரஸ் 39 சதவீதம். மூன்றும் ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன. தாது உப்புகள் சூட்டில் அழிவதில்லை, காற்றில் போவதில்லை; பழம் எவ்வளவு சேர்ந்ததோ அந்த விகிதத்தில் பானத்தில் வந்து நிற்கும். இவற்றில் நம்பகமானது பொட்டாசியம், ஏனென்றால் தண்ணீரிலிருந்து அது அதிகம் வராது. கால்சியத்தை இந்தக் கணக்குக்கு எடுக்கக் கூடாது. கடின நீர் ஊற்றினால் அந்த எண் ஏறிவிடும். பெட்டியில் பொட்டாசியம் அளவு போட்டிருந்தால், 100 மி.லி.க்கு 100 மி.கி.யைச் சுற்றி இருப்பது 40 சதவீத நெக்டருக்குப் பொருந்தும். 30, 40 என்று இருந்தால் பழம் மிகக் குறைவு.

இதே வகுத்தலை மற்றச் சத்துகளுக்கும் செய்தால் தயாரிப்பில் எது தங்கியது, எது போனது என்று தெரிந்துவிடும். நார்ச்சத்து 30 சதவீதம்தான் தேறியிருக்கிறது. பழப் பங்கு 44 என்றால் அந்த அளவு நாரும் வந்திருக்க வேண்டும். தோலும் முரட்டு நாரும் சல்லடையில் தங்கிவிட்டதால் குறைகிறது. ஒரு கிளாஸ் நெக்டரில் ஒன்றரை கிராம் நார் என்பது தெளிந்த சாறுகளைவிட மேல், முழுப் பழத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். வைட்டமின் சி இன்னும் மோசம்: பழத்தில் 10 மி.கி., அஸ்கார்பிக் அமிலம் சேர்க்காத நெக்டரில் 0.6 மி.கி. நூற்றுக்கு ஆறு பங்கு. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த வகையில் அதே 100 கிராமுக்கு 50 மி.கி.க்கு மேல். ஆகவே ஆப்ரிகாட் நெக்டர் பெட்டியில் ‘வைட்டமின் சி நிறைந்தது’ என்று பெரிய எழுத்தில் பார்த்தால், அது ஆப்ரிகாட்டின் பெருமை அல்ல. சேர்மானப் பட்டியலின் கடைசியில் இருக்கும் இ 300-இன் வேலை. (இ எண் என்பது உணவுச் சேர்மானங்களுக்கான ஐரோப்பியக் குறியீடு; இ 300 என்றால் அஸ்கார்பிக் அமிலம்.) சத்தாக உடலுக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இரும்புச்சத்து ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் நிற்காது. பழத்தில் 0.39 மி.கி., டின் நெக்டரில் 0.38 மி.கி. பாதிக்கு மேல் தண்ணீரும் சர்க்கரையும் கலந்தபின் அது குறையாமல் இருப்பதற்குப் பழம் காரணமாக முடியாது. புளிப்பான உணவு இரும்புத் தகட்டு டின்னிலிருந்து இரும்பைக் கரைத்தெடுக்கும் என்பது பழைய விஷயம். அதை நம்பி இரும்புச்சத்துக்காக இதைக் குடிக்க வேண்டாம்.

பீட்டா கரோட்டின் தான் இந்தப் பானத்தின் உண்மையான பலம். பழத்துக்கும் பானத்துக்கும் ஆரஞ்சு நிறம் தருவதும் அதுவே. 100 கிராம் பழத்தில் சுமார் 1,090 மைக்ரோகிராம், நெக்டரில் சுமார் 790. உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றும்போது 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று கணக்கிடுகிறார்கள். நெக்டருக்கு அது 66 மைக்ரோகிராம். 250 மி.லி. கிளாஸ் ஒன்றில் ஏறத்தாழ 170. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 700, ஆணுக்கு 900 தேவை என்ற அளவுகோலில் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்கு தேவை ஒரு கிளாஸில் வருகிறது. சர்க்கரை கலந்த பானத்துக்கு இது நல்ல மதிப்பெண். கரோட்டின் நீரில் கரையாது. சதைத் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு வருவதால், தெளிந்த சாறாக வடிகட்டியிருந்தால் போய்விட்டிருக்கும். சூடாக்கி நசுக்கும்போது செல்சுவர் உடைந்து, பச்சைப் பழத்தைவிடக் கரோட்டின் எளிதாக வெளிவருகிறது. ஆனால் உறிஞ்சுவதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், பானத்தில் அது இல்லை. வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடித்தால் பலன் அதிகம். பழத்தின் ரகத்தையும் பழுப்பையும் பொறுத்துக் கரோட்டின் அளவு பல மடங்கு மாறும் என்பதால், பழப் பங்கைக் கணிக்க இந்த எண் உதவாது.

சர்க்கரைதான் பெரிய விஷயம். லேபிளில் ‘மொத்தச் சர்க்கரை 13 கிராம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை இப்படிப் பிரியுங்கள்: பழப் பங்கு சதவீதத்தை 9-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கவும். அது பழம் தந்த சர்க்கரை. 40 சதவீதப் பானத்துக்கு 3.6 கிராம். மீதி 9.4 கிராம் சேர்த்தது. ஒரு கிளாஸுக்கு, அதாவது 250 மி.லி.க்கு, சேர்த்த சர்க்கரை மட்டும் 23 கிராமுக்கு மேல், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. மொத்தச் சர்க்கரையைச் சுத்தமான ஆப்பிள் ஜூஸ், திராட்சை ஜூஸ் இவற்றோடு ஒப்பிட்டால் நெக்டர் பெரிதாக அதிகமில்லை. சில சமயம் குறைவு. வித்தியாசம், அதே சர்க்கரைக்குப் பின்னால் வரும் பழம் பாதிக்கும் கீழ் என்பதில்தான்.

உடல்நலக் கணக்கில் இந்தப் பிரிப்புக்கு ஓரளவுக்கு மேல் அர்த்தம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சர்க்கரை, தேன், சாறு, அடர்சாறு எல்லாவற்றிலும் உள்ள சர்க்கரையை ஒரே தொகுப்பாகவே எண்ணுகிறது. நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் அது அடங்க வேண்டும் என்பது பரிந்துரை. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம், 25 கிராம். ஒரு கிளாஸ் நெக்டரில் 35 கிராமைச் சுற்றி இருக்கிறது. 150 மி.லி. சிறு டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நியாயமான அளவு. நீரிழிவு உள்ளவர்கள் நினைவில் வைக்க எளிய எண்: 100 மி.லி.க்கு 15 கிராம் மாவுச்சத்து. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும் நேரத்தில் 15 கிராம் கொடுக்கச் சொல்வார்கள் அல்லவா, அது சரியாக 100 மி.லி. நெக்டர். மற்ற நேரத்தில், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் அந்த வேகமே பிரச்சினை. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு கிளாஸில் 300 மி.கி. என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு எந்தப் பழச்சாறும் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017 முதல் சொல்கிறது. நெக்டருக்கு அது இன்னும் பொருந்தும்.

லேபிளில் சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை, சேர்த்ததாக இருக்கும், ஆய்வகத்தில் சோதித்தால் குளுக்கோஸும் பிரக்டோஸும் அதிகமாக வரும். கலப்படம் என்று அவசரப்பட வேண்டாம். புளிப்பான பானத்தில் சுக்ரோஸ் மெல்ல மெல்ல இரண்டாக உடையும். சூடான கிடங்கில் வேகமாக உடையும். மொத்த இனிப்பும் கலோரியும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். பழத்திலிருந்து கொஞ்சம் சார்பிட்டாலும் வருகிறது. வயிறு நொய்மையானவர்களுக்கு உப்புசம் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒரு கிளாஸில் அதன் அளவு சிறியது.

‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வகை இரண்டு விதமாக வரும். ஒன்றில் ஆப்பிள் அல்லது வெள்ளைத் திராட்சை அடர்சாறு இனிப்புக்குப் போட்டிருப்பார்கள். சர்க்கரைப் பையைத் திறக்கவில்லை என்பது உண்மை, 100 மி.லி.க்கு 11, 12 கிராம் சர்க்கரை இருப்பதும் உண்மை. மற்றொன்றில் சுக்ராலோஸ் (இ 955), அசிசல்ஃபேம் (இ 950), ஸ்டீவியா (இ 960) போன்றவை இருக்கும். அதில் சர்க்கரை 4 கிராமைச் சுற்றி நிற்கும், அதாவது பழத்தினுடையது மட்டும். எந்த வகை என்று அறிய முன்பக்க வாசகத்தைப் படிக்காதீர்கள், பின்பக்க எண்ணைப் படியுங்கள்.

மற்றச் சேர்மானங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இ 330 என்பது சிட்ரிக் அமிலம்; சுவைக்கும், பிஎச் அளவைக் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) கீழே வைத்திருக்கவும். இ 440 பெக்டின், இ 466 செல்லுலோஸ் பசை, இ 415 சாந்தன் பசை ஆகியவை கூழ் அடியில் படியாமல் தாங்குவதற்கு. நல்ல கூழ் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இவை அவசியமே இல்லை. பழப் பங்கு குறைவாக இருந்து கெட்டித்தன்மை மட்டும் நிறைய இருந்தால் அது பசையின் கெட்டி. நாக்கில் வழவழப்பாக, மணல்தன்மை இல்லாமல் போனால் அதுதான். இ 202, இ 211 போன்ற பதப்படுத்திகள் சூடாக நிரப்பிய நெக்டருக்குத் தேவையில்லை.

தயாரிப்பில் எதற்காக என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்தால், பானத்தில் தெரியும் குறைகளுக்குக் காரணம் சொல்ல முடியும். கொட்டை நீக்கிய பழத்தை நசுக்கியதும் 85 முதல் 95 டிகிரிக்கு உடனே சூடாக்குகிறார்கள். காரணம் இரண்டு நொதிகள். ஒன்று வெட்டுப்பட்ட பழத்தைப் பழுப்பாக்குவது. மற்றொன்று பெக்டினைச் சிதைப்பது. சிதைந்த பெக்டின் கால்சியத்தோடு சேர்ந்து கட்டியாகும், பிறகு பானம் மேலே தெளிநீர், கீழே வண்டல் என்று பிரியும். பெட்டியைக் குலுக்கினாலும் சில நிமிடங்களில் மறுபடி பிரிந்தால், இந்தச் சூடாக்கல் தாமதமானது என்று அர்த்தம். பிறகு ஒன்று, ஒன்றரை மி.மீ. துளைச் சல்லடை, அடுத்து அரை மி.மீ. அளவில் நுண்சல்லடை. கலந்தபின் வெற்றிடத்தில் காற்றை நீக்கி, 100–200 பார் அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்தித் துணுக்குகளைப் பொடியாக்கி, 90–95 டிகிரியில் அரை முதல் ஒரு நிமிடம் வைத்து, 85 டிகிரிக்குக் குறையாமல் நிரப்பி மூடுகிறார்கள். பாட்டிலைச் சாய்த்து மூடியின் உட்புறமும் சூடுபட வைத்தபின் வேகமாகக் குளிரவைக்கிறார்கள். மெதுவாகக் குளிர்ந்தால் வெந்த நெடி வரும், நிறம் மங்கும்.

காற்றை நீக்குவது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அதில்தான் வைட்டமின் சியின் ஆயுள் இருக்கிறது. பாட்டிலின் மேல்வெளியில் தங்கும் ஒவ்வொரு மி.லி. காற்றும் ஏறத்தாழ 3 மி.கி. அஸ்கார்பிக் அமிலத்தைத் தின்றுவிடும். அது தீர்ந்தபிறகு பழுப்பேறுவது வேகமாகும். நிறம் ஆரஞ்சிலிருந்து செங்கல் பழுப்புக்கு மாறியிருந்தால், பானம் கெட்டுவிட்டது என்பதில்லை. நாளாகிவிட்டது அல்லது வெப்பமான இடத்தில் கிடந்தது, வைட்டமின் சியை இனி எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு அளவு: நன்றாகப் பழுத்த ஆப்ரிகாட் 1 கிலோ. கொட்டையும் தோலும் கழிந்து 800 கிராம் கூழ் தேறும். தண்ணீர் 1 கிலோ, சர்க்கரை 180 கிராம், எலுமிச்சைச் சாறு 30–40 மி.லி. இது 1.9 லிட்டர் வரும். பழப் பங்கு 40 சதவீதம், பிரிக்ஸ் 13.5 அருகே. பழத்தை இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றி மூடி, 8–10 நிமிடம் வேகவிட்டு, சூட்டோடு சல்லடையில் தேய்க்கவும். மிக்சியில் ஓட்டினால் தோல் அரைந்து கலந்து கசப்பும் காற்று நுரையும் சேரும். அந்த நுரை மேலே மிதந்து, சீக்கிரம் பழுப்பாகும். மிக்சிதான் வேண்டும் என்றால் முதலில் தோலை உரித்துவிடுங்கள். மீதித் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, கூழைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் எலுமிச்சைச் சாறு ஊற்றி இறக்கவும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் போதும். செம்பு வேண்டாம், வைட்டமின் சியை அது விரைவாக அழிக்கும்.

எலுமிச்சையைச் சுவைக்கு மட்டும் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஆலை நெக்டரின் பிஎச் சுமார் 3.8. பிஎச் 4.6-க்குக் கீழே, கொடிய நச்சை உண்டாக்கும் போட்டுலிசம் கிருமி வளராது என்பதால்தான் இதைக் கொதிநிலைக்குக் கீழேயே சூடாக்கி அடைக்க முடிகிறது. ஆனால் மிகவும் கனிந்த ஆப்ரிகாட்டின் பிஎச் 4.6-ஐத் தாண்டக்கூடும். வீட்டில் அளக்க வழியில்லாதபோது, வெளியில் மாதக்கணக்கில் வைக்க முயல வேண்டாம். குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள்; அதற்கு மேல் வேண்டுமானால் உறைய வைப்பதே சரி.

கொட்டையை உடைத்து உள்பருப்பை மணத்துக்குப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. பருப்பில் இருக்கும் அமிக்டலின் உடைந்தால் பாதாம் மணம் வரும், கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வரும். பச்சையாக மூன்று சிறு பருப்புகளுக்கு மேல் தின்றாலே வளர்ந்தவருக்குப் பாதுகாப்பு எல்லை தாண்டலாம், குழந்தைக்கு ஒரு சிறு பருப்பே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது. கூழில் தெளிவான கசப்பும் தூக்கலான பாதாம் நெடியும் தெரிந்தால் கொட்டை நொறுங்கிக் கலந்திருக்கிறது; அதைக் கொட்டிவிடுங்கள்.

உலர்ந்த ஆப்ரிகாட்டிலும் செய்யலாம், அது தனி ரகம். 250 கிராம் பழத்தை 750 மி.லி. தண்ணீரில் இரவு ஊறவைத்து, அதே தண்ணீரோடு 15 நிமிடம் வேகவைத்து, அரைத்து வடிகட்டி, மொத்தம் 2 லிட்டர் ஆக்கவும். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் சர்க்கரையும் அமிலமும் பாதி போய்விடும். உலர்பழத்தில் பாதிக்குச் சற்று மேல் சர்க்கரை இருப்பதால், தனியாக எதுவும் சேர்க்காமலே 100 மி.லி.க்கு ஆறரை கிராம் வரும். கடை நெக்டரில் பாதி. பழப் பங்கோ, பச்சைப் பழக் கணக்கில், 60 சதவீதத்தைத் தொடும். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஒரு கவனம்: பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர்பழம் கந்தக டைஆக்சைடு (இ 220) ஏற்றியது. ஐரோப்பாவில் கிலோவுக்கு 2,000 மி.கி. வரை அனுமதி. வேகும்போது ஒரு பகுதி ஆவியாகும், முழுக்கப் போகாது. ஆஸ்துமா உள்ளவர்கள், சல்பைட் ஒவ்வாதவர்கள் பழுப்பு நிறத்தில் இருக்கும், கந்தகம் ஏற்றாத பழத்தை வாங்க வேண்டும்.

கடைசியாக, வாங்கிவந்த பெட்டியைப் பற்றி. பெட்டியோ டின்னோ உப்பியிருந்தால் திறக்காமல் போட்டுவிடுங்கள். ஈஸ்ட் நொதித்து வாயு வந்திருக்கிறது. உப்பாமல், பார்வைக்கு நன்றாக இருந்து, திறந்ததும் மருந்து நெடி அடித்தால் அது அமிலத்தையும் சூட்டையும் தாங்கும் அலிசைக்ளோபாசில்லஸ் என்ற நுண்ணுயிரின் வேலை. நோய் தராது, குடிக்க முடியாது. மேலே பூஞ்சைத் திட்டு இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் குடிப்பது கூடாது, சூட்டைத் தாங்கும் பூஞ்சைகள் சில நச்சுப்பொருள் உண்டாக்குபவை. நல்ல பெட்டியைத் திறப்பதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கிளாஸில் சர்க்கரைத் தண்ணீரும், கடைசிக் கிளாஸில் கரோட்டினும் நாரும் போகும். திறந்தபின் குளிர்பெட்டியில் மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள். டின்னில் வாங்கியிருந்தால் திறந்த அன்றே கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்; காற்று பட்டதும் உட்பூச்சுத் தகரம் கரைவது வேகமாகும், பானத்தில் உலோகச் சுவை ஏறும்.